முன்னால் போய் நிற்கும் வண்டி

கன்னியாகுமரிவரை சைக்கிளில் போகப்போகிறேன் என்று வேலூர் பாகாயத்தில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, ‘பின்னாடி வண்டி வருதுல்ல?’ என்பதுதான். அந்தப் பயணத்துக்கு நாங்கள் தயாரான மாதங்களில் ஓட்டேரிப் பக்கம் காலை நடைக்கு வருகிறவர்கள் தொடங்கி டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கிறவர்கள்வரை அத்தனை பேருக்கும் அதே கவலை. அதில் அக்கறை இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் உடம்பைப் பழக்கியது, சாமான் வாங்கியது, வழி குறித்தது எல்லாவற்றையும் இன்று திரும்ப யோசித்தால், அதிகம் பேசி, அதிகம் சண்டை போட்டுத் தீர்த்தது ஒரே விஷயத்தைத்தான் என்று தெரிகிறது: துணைக்கு வரும் வண்டி எங்கே இருக்க வேண்டும்? என் கட்சி அன்றும் இன்றும் ஒன்றுதான். வண்டி கட்டாயம் வேண்டும். ஆனால் சைக்கிளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு வரக் கூடாது. முப்பது கிலோமீட்டர் முன்னால், பேசிவைத்த இடத்தில், என்ஜினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். இந்த ஒன்றை முடிவு செய்துவிட்டால், யார் எதைச் சுமப்பது, எங்கே சாப்பிடுவது, எந்த மாதம் கிளம்புவது, எப்படிப்பட்ட டிரைவரைத் தேடுவது என்று மீதிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்துவிடும். முடிவு செய்யாமல் கிளம்பினால், எவ்வளவு பெரிய வண்டி வந்தாலும் அது உருளும் ஐஸ்பெட்டிதான்.

பாகாயத்தைத் தாண்டினால் அடுக்கம்பாறை, கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர், பிறகு திருவண்ணாமலை. வேலூரில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 38 திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை என்று இறங்கித் தூத்துக்குடிக்குப் போகிறது. கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் மதுரையில் அதை விட்டுவிட்டு 44-ஆம் எண் சாலையைப் பிடிக்க வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். திருவண்ணாமலைவரை பெரும்பாலும் இருவழிச் சாலை. அதில் நாலு சைக்கிள்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓரமாகப் போகின்றன, பின்னால் ஒரு பொலிரோ அதே வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளுக்கு வேண்டிய இடம் தார் விளிம்பில் இரண்டு முழம். பொலிரோ ஏறக்குறைய ஒரு தடத்தையே அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் பஸ் டிரைவர் கண்ணுக்குத் தெரிவது காரணமில்லாமல் மெதுவாகப் போகும் ஒரு வண்டி, அவ்வளவுதான். அதைத் தாண்ட வலது பக்கம் ஏறிய பிறகுதான் முன்னால் சைக்கிள்கள் இருப்பது அவருக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து எதிரே லாரி வந்தால் அவர் இடது பக்கம்தான் ஒடித்தாக வேண்டும். காப்பாற்ற வந்த வண்டி சைக்கிள்காரனை ஒளித்துவைத்துக் கடைசி நொடியில் காட்டிக்கொடுக்கிறது. நடுவில் அந்த வண்டி இல்லாவிட்டால் அதே டிரைவருக்குச் சைக்கிள் தூரத்திலேயே தெரிந்திருக்கும். ஒரு ஹாரன் அடித்து, கொஞ்சம் விலகிப் போயிருப்பார். பால்கேன் கட்டிய சைக்கிளையும் புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிளையும் நம் ஊர் டிரைவர்கள் நாள் முழுக்க அப்படித்தான் தாண்டிப் போகிறார்கள்.

அகலமான சாலையில் இந்தத் தொல்லை இராது என்று ஒரு வாதம் உண்டு. பழகுவதற்காக ஆம்பூர் பக்கம் போனால் அந்த எண்ணம் மாறிவிடும். பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி, மாதனூர், ஆம்பூர் என்று போகும் வழி விரிந்து கிடக்கிறது, உண்மைதான். ஆனால் ஓரத்தில் தார் போட்ட பகுதி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். சைக்கிளுக்கு அது தாராளம், காருக்குப் போதாது. ஆகவே பின்தொடரும் கார் பாதி உடம்பை லாரிகள் ஓடும் தடத்தில் நீட்டிக்கொண்டுதான் வர முடியும். காலை வேளையில் ஷூ கம்பெனி, தோல் ஷாப் பஸ்களும் வேன்களும் ஓரம் கட்டும். கையில் டிபன் பையோடு நிற்கும் பெண்கள் ஏறுவார்கள், வண்டி சட்டென்று கிளம்பும், நூறடி தள்ளி மறுபடி நிற்கும். இந்த இடத்தைச் சைக்கிள் நுழைந்து நெளிந்து கடந்துவிடும். பின்னால் வரும் கார் மாட்டிக்கொள்ளும், பிறகு விட்டதைப் பிடிக்க வேகமெடுக்கும், பிடித்ததும் பிரேக் போடும். நாள் முழுக்க இரண்டாவது கியரில் இப்படி ஓட்டுகிறவருக்குக் கால் வலிக்கும். மத்தியானத்துக்குமேல் தூக்கமும் வரும். நெடுஞ்சாலையில் தூங்கி வழியும் டிரைவரை நம் முதுகுக்குப் பின்னால் நாமே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது எனக்கு விளங்கவில்லை. (திரும்பும் முன் ஆம்பூரில் பிரியாணி சாப்பிடலாமா என்ற விவாதத்துக்கு மட்டும் இன்னும் முடிவு வரவில்லை. சீரக சம்பாவும் கத்திரிக்காய்த் தொக்கும் உள்ளே போன பிறகு ஐம்பது கிலோமீட்டர் வெயிலில் மிதிப்பது பயிற்சிக் கணக்கா, பிராயச்சித்தக் கணக்கா என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது.)

முன்னால் போய் நிற்கும் வண்டிக்கு உதாரணம் தேடிப் பாகாயத்துக்காரர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக நல மருத்துவப் பிரிவு இங்கேதான் இருக்கிறது. ‘சாட்’ என்றால் கணியம்பாடி வட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. அதன் வேன் குறித்த நாளில் குறித்த ஊருக்குப் போய் நிற்கும். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் கையில் சீட்டோடு அங்கே வந்துவிடுவார்கள். அதற்கும் மூத்த வழக்கம் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடருடையது. போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் குடியாத்தம் சாலையில் வண்டியில் போய், வழியில் வழக்கமான மரத்தடிகளில் நிறுத்தி மருத்துவம் பார்த்தார். எந்த நோயாளி எந்த வீட்டில் இருக்கிறார் என்று அவர் தேடிப் போகவில்லை. வண்டி எங்கே, எப்போது நிற்கும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது, அந்த நம்பிக்கையில் ஜனங்கள் நடந்து வந்தார்கள். ஒரு வண்டியால் நிறையப் பேருக்கு உதவ முடிந்ததற்கு அதுதான் காரணம். நெடும்பயணத்திலும் அப்படித்தான். ஆறு பேர் சேர்ந்து மிதித்தால் இரண்டு மணி நேரத்தில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர் விழுந்துவிடும். பின்தொடரும் வண்டி கடைசி ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னால் போனவனுக்குப் பஞ்சர் ஆனால் அவன் தனி ஆள்தான். நிற்கும் வண்டியைக் கடந்து எல்லாரும் வந்தாக வேண்டும். யார் வரவில்லை என்பது அங்கே எண்ணினால் தெரியும்.

முப்பது கிலோமீட்டர் என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. சைக்கிள் சட்டத்தில் முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு மாட்டலாம். நம் வெயிலில் மிதிக்கிறவருக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், சில சமயம் ஒரு லிட்டர்வரை தண்ணீர் வேண்டும். ஒன்றரை லிட்டர் ஒன்றரை மணி நேரத்துக்குக் காணும். அதற்குள் சாதாரண ஆள் போகும் தூரம் முப்பது. ஏற்றமோ எதிர்க்காற்றோ இருந்தால் தூரத்தைக் குறைக்க வேண்டும். ஏலகிரி மலைப்பாதையின் பதினாலு கொண்டை ஊசி வளைவுகளில் பழகும்போது இந்தக் கணக்கு நன்றாக உறைக்கும். அங்கே ஒரு மணி நேரத்தில் பத்து கிலோமீட்டர் தாண்டுவதே பலருக்குப் பெரும்பாடு. கிளம்பும் மாதத்தையும் இதே கணக்குதான் முடிவு செய்கிறது. வேலூர் மே மாதத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. தென்மேற்குப் பருவத்தில் போனால் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். எஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி. வண்டியில் தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது, உப்பும் வேண்டும். வியர்வையில் போகும் சோடியம் இளநீரில் குறைவு, அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். உப்புப் போட்ட நீர்மோர்தான் நல்லது. கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். நிற்கும் இடத்துக்கும் இலக்கணம் உண்டு. போகிற பக்கமே, அதாவது சாலையின் இடதுபுறம் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து போய்த் தண்ணீர் குடிக்கும் நிலைமை வரக் கூடாது. வளைவில் கூடாது, பாலத்தின் இறக்கத்தில் கூடாது. நிழல் வேண்டும். சுங்கச்சாவடியைத் தாண்டியவுடன் கிடைக்கும் இடம் உத்தமம்: கழிப்பறை இருக்கும், ஆம்புலன்ஸ் பக்கத்தில் இருக்கும், எல்லா வண்டிகளும் அப்போதுதான் வேகமெடுக்கத் தொடங்கியிருக்கும்.

அப்படியானால் நடுவில் இருக்கும் அந்த முப்பது கிலோமீட்டருக்குச் சைக்கிள்காரர்தான் பொறுப்பு. இதைத்தான் பலர் ஏற்க மறுக்கிறார்கள். வண்டி வைத்துக்கொண்ட பிறகும் பஞ்சர் சாமான் நாம் எதற்குச் சுமக்க வேண்டும் என்கிறார்கள். பிரெவே என்னும் நெடுந்தூர ஓட்டங்களின் விதியைப் பார்க்கலாம். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில், 600-ஐ 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய ஓட்டங்கள் இவை. இந்தியாவிலும் பல நகரங்களில் நடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் தாய் 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். துணை வண்டி வரலாம், ஆனால் சோதனை நிலையங்களில் மட்டுமே உதவலாம், நடுவழியில் கை கொடுக்கக் கூடாது என்பது இவற்றின் விதி. டூர் டி பிரான்ஸ் ஆரம்ப காலத்தில் இதையும்விடக் கொடுமையாக இருந்தது: 1913-இல் எழேன் கிறிஸ்தோஃப் மலையில் முன்ஃபோர்க் உடைந்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஒரு கொல்லன் பட்டறையில் தானே அடித்து ஒட்டவைத்தார், துருத்தி ஊத ஒரு பையன் உதவினான் என்று அதற்கும் தண்டம் போட்டார்கள். அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். ஆனால் பிரெவே விதிக்குள் ஒரு நல்ல புத்தி இருக்கிறது: நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையில் நடப்பதைச் சமாளிக்கத் தெரிந்தவனுக்குத்தான் நிலையம் பயன்படும்.

ஆகவே ஆளுக்கு இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்பி, கைப்பம்பு, ஆலன் சாவிக் கொத்து, செயின் அறுந்தால் மாட்டும் ஒரு கண்ணி, கொஞ்சம் சில்லறைப் பணம் சைக்கிளிலேயே இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றத் தெரிந்திருக்கவும் வேண்டும். வீட்டு வாசலில் கைவராதது நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தில் வராது. வழியெங்கும் சைக்கிள் கடை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அங்கே இருப்பது 28 இஞ்ச் டயரும் வால்டியூப் போட்ட பழைய வால்வும். மெல்லிய கழுத்துள்ள புது வால்வுக்குக் காற்றடிக்க அந்தப் பம்பில் பித்தளை அடாப்டர் ஒன்று மாட்ட வேண்டும். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், அதையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பி இறுக்கிக் கோட்டம் எடுப்பதில் மட்டும் அந்தக் கடைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. வண்டியில் இருக்க வேண்டியவை வேறு வகை: ஒரு சக்கரம், டயர்கள், பிரேக் கட்டைகள், பெரிய பம்பு, முதலுதவிப் பெட்டி, பாய், கூடவே ஹேங்கர். பின்சக்கரத்தருகே கியர் மாற்றும் பாகத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டுதான் அது. மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், சில நூறு ரூபாய்தான் விலை, ஆனால் நடுவழியில் எந்த ஊரிலும் கிடைக்காது. அது பெரும்பாலும் வளைவது சாலையிலும் இல்லை. குட்டியானையில் சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து ஏற்றும்போதுதான். துணை வண்டியால் வரும் சேதத்துக்கும் துணை வண்டியிலேயே மருந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

உடம்பின் விஷயம் இதிலிருந்து தனியானது இல்லை. வலி காப்பாற்றும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன மருத்துவர் வேலை பார்த்தது வேலூரில்தான். 1946-இல் இங்கே வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்குக் காரணம் உணர்வு போய்விடுவதே என்று காட்டினார். ஒரு பெரிய காயம் வேண்டியதில்லை, சின்ன அழுத்தம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் போதும். வலி தெரிகிறவன் காலை மாற்றி ஊன்றுவான், தெரியாதவன் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே போவான். தொழுநோயில் அதிகம் தாக்கப்படும் அல்நார் நரம்பைத்தான் ஹேண்டில்பாரும் அழுத்துகிறது. முதலில் மரத்துப்போவது அதே சுண்டு விரலும் மோதிர விரலும். நோய் வேறு, அளவு வேறு, ஆனால் பாடம் பொது: மரப்பு தெரிந்தவுடன் கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். சீட் உயரம், ஹேண்டில் உயரம் எல்லாம் புறப்படுவதற்கு மாதக்கணக்கில் முன்பே சரியாகியிருக்க வேண்டும். தோல் சீட் போடுகிறவர்களுக்குத் தோல் தொழில் நடக்கும் நம் பக்கத்தில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: புதுத் தோல் உட்காருகிறவர் எலும்புக்கு இணங்கச் சில நூறு கிலோமீட்டர் கேட்கும். புதுச் சீட்டோடு கன்னியாகுமரிக்குக் கிளம்புவது புதுச் செருப்போடு கிரிவலம் போவதைப்போல. பின்னாலேயே வரும் வண்டி இங்கேதான் கெடுதல் செய்கிறது. எப்போது வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்துவிட்டால் தாகத்தையும் மரப்பையும் எரிச்சலையும் ஆரம்பத்திலேயே யாரும் கவனிப்பதில்லை. முற்றிப்போன பிறகு நேராக வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அடுத்த நிறுத்தம் பதினெட்டு கிலோமீட்டரில் என்று தெரிந்தவன் இப்போதே ஒரு மடக்குக் குடிப்பான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ‘ராம்’ பந்தயம். 1982-இல் தொடங்கியது, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். 2017-இல் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத்தும் அமித் சமர்த்தும் தனி ஆளாக முடித்த பிறகு இந்தியாவில் எல்லாரும் அதைப் பற்றிப் பேசினார்கள். அங்கே இரவில் வண்டி பின்தொடர்வது கட்டாயம். உண்மை. ஆனால் அந்தக் கட்டாயம் இரவுக்கு. பகலில் தாண்டித் தாண்டிப் போய் நின்று உதவும் முறைக்கும் அங்கே இடம் உண்டு. அந்த வண்டியில் டிரைவர்கள் மாறி மாறி ஓட்டுகிறார்கள், எச்சரிக்கை விளக்குகள் சுழல்கின்றன. நமக்கு இரவில் மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆறு மணிக்குள் அறைக்குப் போய்விடும்படி நாளை வகுத்துக்கொண்டால் அந்த உதாரணம் நம்மைத் தொடாது. இன்னொரு உதாரணம் நம் பக்கத்துத் தக்கோலத்திலிருந்தே வருகிறது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் கடலோரச் சைக்கிள் பேரணி 2025 மார்ச் 7 அன்று அங்கிருந்துதான் கொடியசைத்துத் தொடங்கிவைக்கப்பட்டது. மேற்குக் கரை அணி 3,775 கிலோமீட்டர், கிழக்குக் கரை அணி 2,778. மார்ச் 31-இல் கன்னியாகுமரியில் சேர்ந்தார்கள். மேற்கு அணிக்குச் சராசரி ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர்! சீருடைப் படையின் பேரணி என்றால் ஊருக்கு ஊர் வரவேற்பும் போக்குவரத்து ஏற்பாடும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நாலு நண்பர்களும் ஒரு வாடகை வண்டியும் அதே வரிசையில் போக நினைப்பது வீண்.

நெஞ்சுவலி வந்தால், வெயிலில் சுருண்டு விழுந்தால் என்ற கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது. இதற்கு என் பதில் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். முப்பது கிலோமீட்டர் முன்னால் நிற்கும் வண்டி திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். ஆனால் அந்த அரை மணியில் முதல் ஐந்து நிமிஷம்தான் உயிர்; அதில் பக்கத்தில் இருப்பது கூட மிதிக்கிற ஆள். ஆகவே யாரும் தனியாகப் போகக் கூடாது, இரண்டு இரண்டு பேராகத்தான். இருவருக்கும் 108-ஐயும் நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐயும் கூப்பிடத் தெரிய வேண்டும், கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைப் பார்த்து இடம் சொல்லத் தெரிய வேண்டும், நெஞ்சை அழுத்தத் தெரிய வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் புறப்படும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வேலூரில் இருந்துகொண்டு அதற்கு ஆஸ்பத்திரி தூரம் என்று யாரும் சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கும் உடம்பு சுகமில்லாதவர்களுக்கும் நிறுத்தங்களைப் பதினைந்து கிலோமீட்டராகச் சுருக்கலாம். அதற்குக் குறைவாகக் கேட்கிறவர் இன்னும் தயாராகவில்லை, அடுத்த வருஷம் வரலாம்.

எதிர்முனையில், வண்டியே அவமானம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். 1923-இல் பம்பாயிலிருந்து கிளம்பிய ஆறு பார்சி இளைஞர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்கரா மூவரும் உலகைச் சுற்றிவிட்டு 1928-இல் ஊர் திரும்பினார்கள், அவர்களுக்கு எந்த வண்டி முன்னால் நின்றது என்று கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அவர்களுக்கு நாலரை வருஷம் இருந்தது. நமக்கு இருப்பது பொங்கல் விடுமுறையோடு சேர்த்துக் கேட்டு வாங்கிய ஒரு வாரம். ஐம்பது வயது, முட்டிவலி, திங்கட்கிழமை வேலை எல்லாம் உள்ளவர்கள் பதினைந்து கிலோ மூட்டையைப் பின்சக்கரத்தில் கட்டிக்கொண்டு 700 கிலோமீட்டர் போனால்தான் பயணம் என்றால், பயணம் இளவட்டங்களுக்கு மட்டும் என்றாகிவிடும்.

கடைசியாக டிரைவர். செலவுக் கணக்கில் டீசலும் சுங்கமும் பேட்டாவும்தான் வரும், ஆனால் தயாரிப்பில் பாதி அவரைச் சேர்ந்தது. முன்னால் போய் நிற்பது என்றால் அவருக்கு ஓட்டும் நேரம் குறைவு, காத்திருக்கும் நேரம் அதிகம். வேகமாகப் போய்ச் சேர்வதே திறமை என்று பழகியவருக்கு இது எரிச்சலான வேலை. வழி முழுக்க எங்கே நிற்பது என்ற பட்டியல் அவர் கையிலும் இருக்க வேண்டும், ஒருமுறையாவது பாகாயத்திலிருந்து ஆம்பூர்வரை சைக்கிள்களோடு ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். சாப்பாடு நமக்கு என்னவோ அதுவே அவருக்கும், அறையும் அப்படியே. வண்டியிலேயே படுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் மறுநாள் அதன் பலனை நாம்தான் அனுபவிப்போம். திரும்பும் பயணத்தை யாரும் திட்டமிடுவதே இல்லை. கன்னியாகுமரியில் படம் எடுத்துக்கொண்டு, சைக்கிள்களைக் கட்டி, சாயங்காலமே கிளம்பினால் விடியற்காலை வேலூர் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு வாரம் மிதித்தவர்கள் அத்தனை பேரும் பின்சீட்டில் தூங்குவார்கள், அதே ஒரு வாரமாக அலைந்த ஒருவர் மட்டும் இரவு முழுக்க 700 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மொத்தப் பயணத்திலும் ஆபத்தான கட்டம் இதுதான். நாகர்கோவிலில் ஓர் இரவு அறைக்கான பணத்தை முதல் நாளே தனியாக எடுத்துவைத்துவிட வேண்டும். முடிந்தால் சைக்கிள்காரர்கள் ரயிலில் காட்பாடிக்கு வந்துவிடுவதும், டிரைவர் அண்ணன் வழியில் ஓர் இரவு தங்கி நிதானமாக வண்டியைக் கொண்டுவருவதும் இன்னும் நல்லது.